சீனத்துக் கல்விப் பெரியார் தாவோ ஷிங்ஜி

கலாசாலைகளிலும் உயர்தரப் பாடசாலைகளிலும் மாணவர் சங்கங்கள் பல உள்ளன. விவாத சங்கம், இசைக் கழகம், நாடக சபை, ஊர்த்தொண்டுக் குழு எனப் பல பெயர்களால் அவை நடைபெறுகின்றன. பாடங்கள் முடிந்தபின் பொழுதை இனிது போக்குதற்கு அமைந்த அணிகலன்களாகவே பலர் அவற்றைக் கருதுவர். ஆனால், மாணவர் குழுவே பள்ளியின் உயிர்நிலை எனக் கொண்டு, கொடிய யுத்தத்தின் நடுவே, மலைச்சாரலிலிருந்த ஒரு பழைய கோயிலில் ஏழைச் சிறார்க்குப் பள்ளி நடத்திய பெரியார் ஒருவர் சீன தேசத்தில் வாழ்ந்தார். தாவோ ஷிங்ஜி என்பது அவர் பெயர். நம்மனோர்க்கு அவரை அறிந்துகொள்ள வேறொரு காரணமும் உண்டு. அவரும் ஒரு மிஷன் கலாசாலையின் மாணவர். ஆங்கிலத்தில் வெளிவந்த கலாசாலைப் பத்திரிகையில் தாய்மொழிப் பகுதியொன்று தோன்றக் காரணராயிருந்தவர்.

ஆன்ஹுவெய் மாகாணத்து ஷெ என்னும் ஜில்லாவில், 1891-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள், வறிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வென்ஜூன். அவ்வூர் மிஷன் பள்ளியில் அவர்தம் அன்னையார் சமையலும் சலவையும் செய்து குடும்பத்தைத் தாங்கினார். அன்னைக்குத் துணை செய்ய அங்கே சென்றுவந்த சிறுவனது கூரிய அறிவைக் கண்ட தலைமையாசிரியராகிய ஆங்கிலேய மிஷனரி, சம்பளம் பெறாது அவனைப் பள்ளியிற் சேர்த்துக்கொண்டார். வேலைக்காரியின் மகனுக்கும் கற்கும் ஆற்றல் உண்டு என்பதனை ஒருவர் கண்டுகொண்டமையால் அவ்வாழ்வு மலர்ந்தது. கவனிப்பாரின்றிக் கிடக்கும் ஏழைக் குழந்தைகளின் ஆற்றலைத் தேடுவதையே பிற்காலத்தில் அவர் தம் பெரும்பணியாகக் கொண்டதற்கு வித்து அன்றே ஊன்றப்பட்டது எனலாம்.

1908-இல் மருத்துவம் பயிலும் நோக்குடன் ஹாங்சௌ நகரத்துப் பள்ளியொன்றிற் சேர்ந்தார். கிறிஸ்தவரல்லாத மாணவரை அங்கே வேறுபாடாக நடத்தக் கண்டு, நெடுநாள் தங்காது வெளியேறினார். பின்னர் நான்கிங் நகரில் மிஷனரிமார் நடத்திய சர்வகலாசாலையிற் பயின்றார். ஜின்லிங் என்பது அந்நகரின் பழம்பெயர். ஜின்லிங் ஒளி என்னும் பொருள்படும் பெயருடன் மாணவர் பத்திரிகையொன்று அங்கே ஆங்கிலத்தில் வெளிவந்துகொண்டிருந்தது. தாய்நாட்டு மக்கள் படிக்கவொண்ணாத பத்திரிகை பாதிப் பயனே தரும் எனக் கருதிய தாவோ முயன்று, 1913-இல் சீனமொழிப் பகுதியையும் உடன் வெளிவரச் செய்து, அதன் பத்திராதிபரும் ஆயினார். 1914-இல் சிறப்பாகத் தேர்ச்சி பெற்றார்.

அக்கலாசாலையில் இருந்தபொழுது வாங் யாங்மிங் என்னும் பழஞ்சீன ஞானியின் நூல்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அறிவே செயலுக்குத் தொடக்கம் என்பது அஞ்ஞானியின் கொள்கை. சீனமொழியில் ஜி என்பது அறிதல். ஷிங் என்பது செய்தல். ஆகவே தம் பெயரை ஜிஷிங் என மாற்றிக்கொண்டார். அறிதல் முன்னும் செய்தல் பின்னுமாக அமைந்த இப்பெயர் இருபதாண்டுகளின் பின் தலைகீழாயிற்று. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

நான்கிங்கிலிருந்து அமெரிக்கா சென்று, முதலில் இல்லினாய் சர்வகலாசாலையில் அரசியல் நூலும், பின்பு நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையில் ஜான் டூயி முதலியோரிடம் கல்வி நூலும் பயின்று, 1917-இல் தாய்நாடு திரும்பினார். நான்கிங் உயர்தர ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் பேராசிரியப் பதவி கிடைத்தது. ஆசிரியர் கற்பிக்கும் முறை எனப் பெயர்பெற்றிருந்த பாடத்திற்குக் கற்பித்தல் கற்றல் முறை எனப் புதுப்பெயர் சூட்டவேண்டுமென்று வாதாடி வென்றார். மாணவன் கற்காதவிடத்து ஆசிரியன் கற்பித்தான் எனல் பொருந்தாது என்பதே அவர் கருத்து. 1919-இல் மாணவர் தம்மைத் தாமே ஆளும் முறையைக் குறித்து விரிவானதொரு கட்டுரை வரைந்தார். பிறர் ஆணைக்கு அடங்கியே வளர்ந்த மாணவர், பின்னாளிற் குடியரசு நாட்டின் குடிமக்களாக வாழ அறியார் என்பதும், ஆளும் பயிற்சியைப் பள்ளியிலேயே பெறவேண்டும் என்பதும் அக்கட்டுரையின் சாரம். 1920-இல் பெண்களும் அக்கலாசாலையிற் சேர்ந்து பயிலுதற்கு உழைத்தவருள் அவரும் ஒருவர்.

மேனாட்டுப் பட்டமும் உயர்ந்த பதவியும் பெற்ற அவர் அவற்றோடு அமைந்திருக்கவில்லை. நாட்டு மக்களிற் பெரும்பாலோர் எழுத்தறியாதிருக்கக் கண்டு வருந்தினார். 1923-இல் ஜேம்ஸ் யென் முதலிய நண்பருடன் கூடிப் பொதுமக்கள் கல்வி இயக்கத்தைத் தோற்றுவித்து, ஆயிரம் எழுத்துக்களைக் கற்பிக்கும் சிறு புத்தகத்தைக் கையிலேந்தி, நகரந்தோறும் சென்றார். தம் இல்லத்திலேயே அதனைச் சோதித்தும் பார்த்தார். அவர் அன்னையார்க்கு அப்பொழுது வயது 57, எழுத்தறியாதவர். அவருக்கு ஆசிரியனாய் அமைந்தவன் ஆறு வயதுப் பேரனே. சிறுவன் தான் கற்றதைப் பாட்டிக்குக் கற்பிக்கப் பதினாறு நாள் கழிந்தன. வெளியூர் சென்றிருந்த தாவோ, அதுவரை நடந்த பாடங்களில் வந்த எழுத்துக்களைக் கொண்டே ஒரு கடிதம் எழுதி விடுத்தார். அன்னையார் பிறர் உதவியின்றி அதனைப் படித்து இன்புற்றார். நாட்டின் எழுத்தறியாமையை ஒழிக்கப் போதிய ஆசிரியர் இல்லையே என ஏங்கியவர், குழந்தைகள் அனைவரும் ஆசிரியரே என்னும் உண்மையைத் தம் வீட்டுத் திண்ணையிலே கண்டார்.

1927-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள், நான்கிங் நகருக்குப் புறத்தே ஒரு கிராமத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். அவ்விடத்தின் பெயர் சிற்றூர் எனப் பொருள்படும் ஷியாவ்ஜுவாங். ஒலி வேறுபாடு பெரிதின்றி விடியலூர் எனப் பொருள்படுமாறு அதன் எழுத்தை மாற்றினார். அருகிருந்த முதுமலையை அவ்வாறே உழைப்புமலை ஆக்கினார். உள்நாட்டுச் சேனைகள் நான்கிங்கை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. கட்டடம் ஒன்றும் இல்லை. பதின்மூன்று மாணவர் திறந்த வெளியிற் கூடினர். நிலத்தைக் கொத்திப் பண்படுத்துவதும் நுழைவுத் தேர்வின் ஒரு பகுதி. பேராசிரியர் வைக்கோற் செருப்பு அணிந்தார்; முதற்கண் மாட்டுத் தொழுவத்தில் மாட்டோடு படுத்துறங்கினார். ஏவலாள் எவரும் இலர். சமைத்தலும், பெருக்குதலும், பயிரிடுதலும், கணக்கெழுதுதலும் மாணவர் கடமை. அவையே பாடமும் ஆயின. வாழ்க்கையே கல்வி, சமுதாயமே பள்ளி, செய்தலிலே கற்றலும் கற்பித்தலும் ஒன்றுபடும் என்னும் அவர்தம் மூன்று கொள்கைகளும் இங்கேதான் உருப்பெற்றன. பள்ளியைச் சமுதாயம்போல் அமைக்கவேண்டும் என்றார் டூயி. சமுதாயத்தையே பள்ளியாக்கவேண்டும் என்றார் மாணாக்கர்.

மூன்றாண்டுகளே அப்பள்ளி நிலைத்தது. 1930 ஏப்ரலில், அந்நியர் ஆலையொன்றில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்க்குத் துணையாக மாணவர் ஊர்வலம் சென்றனர். சியாங் கை-ஷேக்கின் அரசாங்கம் பள்ளியை மூடிற்று; தாவோவைச் சிறைப்படுத்தவும் கட்டளை பிறந்தது. மாணவருட் சிலர் கொலையுண்டனர். அவர் ஜப்பானுக்குத் தப்பிச் சென்று, மறு ஆண்டு ஷாங்காய் நகரில் மறைவாக வந்து தங்கினார்.

இத்துன்பத்தினிடையே அவருக்கு ஒரு பேருவகை வாய்த்தது. ஆசிரியரை இழந்த அவ்வட்டாரத்துக் கிராமச் சிறுவர் சிலர் தாமே பள்ளியொன்றைத் தொடங்கினர். தலைமையாசிரியனும் சிறுவன், கற்பிப்போரும் சிறுவர். செய்தி கேட்டு மகிழ்ந்த தாவோ, பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைப் பாராட்டிச் செய்யுள் ஒன்று இயற்றி அனுப்பினார். சிறுவர் அதனைப் படித்து, நன்றி கூறியதோடு நில்லாது, ஒரு திருத்தமும் எழுதி அனுப்பினர். தங்கள் பள்ளியிற் சிறிய பிள்ளைகளும் கற்பிக்கின்றனராதலின், பெரிய பிள்ளைகளை மட்டும் கூறுதல் பொருந்தாது என்பது அவர்கள் முறையீடு. கொலம்பியாவிற் பயின்ற பேராசிரியர் அக்கிராமச் சிறாரின் திருத்தத்தை ஏற்றுச் செய்யுளை மாற்றினார். தம்மைத் திருத்திய சிறுவர் பெருமையைப் பிற்காலத்தும் அவர் பலரிடம் எடுத்துரைப்பதுண்டு.

1932-இல் ஷாங்காயின் புறத்தே கிராமத்தார்க்கு வேலையும் கல்வியும் தற்காப்பும் ஒருங்கே அளிக்கும் கழகம் ஒன்றை நிறுவினார். 1934 முதற்கொண்டு சிற்றாசிரியர் முறையை நாடெங்கும் பரப்பினார். காலையில் ஓர் எழுத்தைக் கற்ற சிறுவன் மாலையில் அதனை ஆடு மேய்ப்பவனுக்கோ அண்டை வீட்டு அம்மைக்கோ கற்பித்தல் வேண்டும்; கல்வியைத் தனக்கென வைத்துக்கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. செய்தலினின்றே அறிதல் பிறக்கிறது எனத் தெளிந்த அவர், அவ்வாண்டிலேயே தம் பெயரின் இரு எழுத்துக்களையும் முன்பின்னாக்கி ஷிங்ஜி என மாற்றிக்கொண்டார்.

ஹுவாய்ஆன் என்னும் ஊரில் 1929-இல் அவர் நிறுவிய ஷின்ஆன் தொடக்கப்பள்ளி இம்முறைக்கு ஒளிமிக்க சான்றாயிற்று. 1933-இல் அப்பள்ளிச் சிறுவர் எழுவர், பெரியோர் துணையின்றி ஷாங்காய் சென்று சுற்றிப்பார்த்து, தாமே சொற்பொழிவும் ஆற்றித் திரும்பினர். 1935 அக்டோபரில், ஜப்பானியர் சீனத்தின் வடபகுதியை விழுங்கிவந்த காலத்தில், பதினான்கு பேர் கொண்ட சுற்றுப்பயணக் குழு ஒன்று அங்கிருந்து புறப்பட்டது. நாட்டைக் காக்கும் உணர்ச்சியைப் பாட்டாலும் நாடகத்தாலும் சலனப் படத்தாலும் ஊட்டிக்கொண்டு மாகாணந்தோறும் அது சென்றது. நாடே அவர்கட்கு வகுப்பறையாயிற்று.

1936-இல் இங்கிலாந்திற் கூடிய கல்வி மகாநாட்டிற்குச் சென்ற தாவோ, இரண்டாண்டு காலம் 25-க்கும் மேற்பட்ட நாடுகளிற் சுற்றி, தம் நாட்டின் இடுக்கணை எடுத்துரைத்தார். 1937-இல் சீன-ஜப்பானிய யுத்தம் முழுவேகத்துடன் மூண்டது. 1938 ஆகஸ்டில் தாய்நாடு திரும்பும் வழியில் இந்தியாவிற்கு வந்து காந்தியடிகளைக் கண்டு அளவளாவினார். கைத்தொழிலை நடுவாக வைத்த வார்தாக் கல்வித் திட்டம் முந்திய ஆண்டிலேதான் உருவாகியிருந்தது. சீனத்துப் பொதுமக்கள் கல்வி இயக்கத்தைப் பற்றி எழுதித் தருமாறு அடிகள் கேட்க, அவர் எழுதிய கட்டுரை ஹரிஜன் பத்திரிகையில் வெளிவந்தது.

நாடு திரும்பியவர் ஹாங்கௌ நகரப்பகுதியில் யுத்தத்தால் அநாதைகளான சிறுவர் விடுதியைக் காணச் சென்றார். செல்வர் சிலர் சுவீகாரத்திற்குப் பிள்ளை தேடி அவ்விடுதிக்கு வருவதுண்டு. அழகிய முகமுடையாரை எடுத்துக்கொள்வர். அம்மைத் தழும்புடையாரையும், தலையிற் சிரங்குடையாரையும், உதடு பிளந்தாரையும் வேண்டாவென ஒதுக்குவர். அவ்வாறு ஒதுக்கப்பட்டோருள் சிரங்குத் தலையனான ஒரு சிறுவன், தோழர் குழாத்தை நிறுத்திவைத்து இசையை நடத்திய திறம் தாவோவை வியப்பிலாழ்த்திற்று. பணமும் அழகும் இல்லாமையால் இத்தகைய ஆற்றல்கள் எத்தனை முளையிலே கருகுகின்றனவோ என நெஞ்சம் நைந்தார். யூட்சாய் பள்ளி அந்நைவினின்று பிறந்தது. ஆற்றலை வளர்த்தல் என்பது அப்பெயரின் பொருள்.

யுத்தகாலத் தலைநகரான சுங்கிங்குக்கு அண்மையில், ஹெச்சுவான் ஜில்லாவைச் சேர்ந்த சாவோஜியே என்னும் சிற்றூரருகே மலைமீதமைந்த குஷெங் கோயில் அப்பள்ளிக்கு இடமாயிற்று. 1939 ஜூலையில் தொடக்கவிழா நடந்தது. ஆசிரியர்கள் பல விடுதிகளுக்கும் சென்று சோதித்துத் தெரிந்தெடுத்த நூற்றுக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியர் அங்கே வந்து சேர்ந்தனர். பொதுப்பாடங்கள் அனைவர்க்கும் உண்டு. அவற்றோடு ஒவ்வொருவரும் தத்தம் இயல்புக்கேற்ற குழுவிற் சேர்ந்து பயின்றனர். இசை, நாடகம், ஓவியம், இலக்கியம், சமுதாய நூல், இயற்கை விஞ்ஞானம் எனக் குழுக்கள் ஆறு. பின்னர் நடனமும் சேர்ந்தது. யுத்தத்தால் சுங்கிங் வந்து குழுமியிருந்த கலைஞர் பலரைத் தாவோ அக்குக்கிராமத்திற்கு வரவழைத்தார். இசைக்கு ஹெ லூதிங், இலக்கியத்திற்கு ஆய் சிங், ஓவியத்திற்குச் சென் யான்ச்சியாவ், நடனத்திற்குத் தாய் ஐலியன் என நாடறிந்த வல்லோர் அநாதைக் குழந்தைகட்கு ஆசிரியராயினர்.

ஆயினும், உயர்ந்த மேடையில் அமர்ந்து ஏழைகளை மறக்கும் சிறு மேதாவிகளை ஆக்குவது தம் நோக்கமன்று என்பதை அவர் வற்புறுத்தினார். மாணவரனைவரும் பெறவேண்டிய இருபத்துமூன்று திறமைகளை அவர் வகுத்திருந்தார். முதல் வரிசையிற் பதினாறு: கூட்ட நடவடிக்கைகளைக் குறித்தல், கூட்டத்திற் பங்குகொள்ளல், கணக்கு வைத்தல், புத்தகசாலையைப் பேணல், அகராதி பார்த்தல், சமைத்தல், உடை துவைத்துத் தைத்தல், தோட்டமிடல், பழுது பார்த்தல், நீந்துதல், அடிபட்டார்க்கு முதலுதவி செய்தல், பாடுதல், சிற்றாசிரியராதல் முதலியன. வளர்ந்தோர்க்குரிய ஏழனுள் மோட்டார் ஓட்டுதல், தட்டெழுத்து, சுருக்கெழுத்து, மின்கம்பி இணைத்தல், மொழிபெயர்த்தல், முன்னேற்பாடின்றிச் சொற்பொழிதல், பிறரை நடத்திச் செல்லுதல் என்பன அடங்கும். சங்கமொன்றைச் செவ்வனே நடத்த அறிந்தவன் இவற்றுட் பலவற்றை இயல்பாகவே பெறுவான் அன்றோ? மாணவர் மலையினின்றிறங்கிச் சுற்றுப்புறத்துக் குடியானவர்க்கு எழுத்துக் கற்பித்தனர். இசைக்குழுவினர் சுங்கிங் சென்று கச்சேரி நடத்தினர். ஓவியக் குழுவினரும் நாடகக் குழுவினரும் தம் கலையை மக்கள்முன் வைத்தனர். ஜப்பானியர் விமானங்கள் குண்டு பொழிந்துகொண்டிருந்த அந்நகரில், அநாதைச் சிறுவர் எழுப்பிய இன்னிசை கேட்டார்க்கு எத்துணை ஆறுதல் அளித்திருக்கும்!

விரைவிலே பெருஞ்சோதனை வந்தது. அரிசி விலை பன்மடங்கு ஏறிற்று. 1941 ஜனவரியில் அரசாங்கச் சேனை கம்யூனிஸ்டுகளின் புதிய நான்காம் படையைத் தாக்கவே, உள்நாட்டு ஒற்றுமை குலைந்தது. ஹெ லூதிங், ஆய் சிங் முதலிய ஆசிரியர் சுங்கிங்கை விட்டகன்றனர். அரசாங்கத்தின் ஐயப்பார்வை பள்ளியின்மேல் விழுந்தது, நன்கொடையாளரும் தயங்கினர். நாளுக்கு இரு வேளை உணவே கிட்டிற்று. இத்தனை குழந்தைகளைச் சுமந்து ஆற்றில் நீந்துதல் கல்லைக் கட்டிக்கொண்டு நீந்துவதாகும். பள்ளியைக் கலைத்துவிடுக என நண்பர் சிலர் அறிவுரை கூறினர். தாம் தழுவி நீந்துவது கல்லையன்று, தம் காதலியையே என்றார் அவர். கலைத்தால் அக்குழந்தைகள் போக்கிடமின்றித் தெருவில் நிற்பர் என்பது அவர்க்குத் தெரியும். பிச்சையெடுத்த பணத்தால் ஏழைகட்குப் பள்ளிகள் நிறுவிய வூ ஷுன் என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெரியாரை வழிகாட்டியாகக் கொண்டார். வாயில்தோறும் சென்று இரந்தார். தம் கையெழுத்தாற் செய்யுட்களை எழுதி விற்றார். மாணவரும் சும்மா இருந்திலர். தரிசு நிலத்தைத் திருத்திக் காய்கறி பயிரிட்டனர். கலை நிகழ்ச்சிகளாற் பொருள் திரட்டினர். குழுக்கள் பள்ளிக்கு அணிகலனாய் நில்லாது, அதனைத் தாங்கும் தூண்களாயின.

அவ்வறுமையிலும் அவர் மாணவர் உள்ளத்தைத் தாழவிடவில்லை. 1942 ஜூலை 20-ஆம் நாள் மூன்றாம் ஆண்டுவிழாவில், ஒவ்வொருவரும் தம்மைத்தாம் நாடோறும் கேட்டுக்கொள்ள நான்கு வினாக்களை அளித்தார். உடல் நலத்திலும், கல்வியிலும், வேலையிலும், ஒழுக்கத்திலும் இன்று யான் முன்னேறினேனா என்பன அவை. உடல் நலத்தை முதலில் வைத்தமை கருதத்தக்கது. பசித்த குழந்தைகளுக்குத் தந்தையாயிருந்தவர் அவர்.

1945-இல் யுத்தம் முடிந்தது. பள்ளி அழியாது நின்றது. 1946 ஜனவரியில், பகலில் உழைக்கும் இளைஞர்க்காகச் சுங்கிங்கில் மாலைக் கலாசாலையொன்றை அவர் தொடங்கினார். பின்னர் ஷாங்காய் சென்று, உள்நாட்டுப் போர் வேண்டாவென்றும் குடியரசு முறை ஓங்குகவென்றும் நூறு நாளில் ஏறக்குறைய நூறு சொற்பொழிவுகள் ஆற்றினார். ஜூலையில் அவர் நண்பர்களாகிய லி குங்பூவும் வென் யீதுவோவும் குன்மிங் நகரிற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த பெயர் தம்முடையது எனக் கேட்டும் அவர் அஞ்சினாரல்லர். ஆனால் இடைவிடா உழைப்பும் துயரும் உடலை முறித்தன. 1946 ஜூலை 25-ஆம் நாள், மூளையில் இரத்தக்குழாய் வெடித்து, தம் 55-ஆம் வயதில் உயிர் நீத்தார். நான்கிங்கையடுத்த உழைப்புமலையருகே, விடியலூர் மண்ணிலேயே அவர் உடல் அடக்கம் பெற்றது.

மறைந்த பின்னும் அவர் பெயர் இடர்ப்பட்டது. வூ ஷுனைப் போற்றியோரை 1951-இல் புதிய அரசாங்கத்தார் கண்டித்தபொழுது, தாவோவின் கொள்கைகளும் கண்டிக்கப்பட்டு மறைக்கப்பட்டன. முப்பதாண்டு கழிந்து, 1980-களில், அவர் புகழ் மீண்டும் நிலைநாட்டப்பட்டது. விடியலூர்ப் பள்ளி நான்கிங்கில் சர்வகலாசாலையாக வளர்ந்துள்ளது. யூட்சாய் பள்ளியின் வழிவந்த பள்ளிகள் சுங்கிங்கிலும் ஷாங்காயிலும் உள்ளன. 1939-இல் அக்கோயிற் பள்ளிக்கு வந்த சிறுவருள் ஒருவர் தூ மிங்ஷின். பிற்காலத்துச் சீனத்தின் சிறந்த இசைப் புலவருள் ஒருவராக அவர் விளங்கினார்.

மாணவ நண்பர்களே! நம் சங்கங்களுக்குக் கட்டடம் உண்டு, நூல் உண்டு, விளக்கு உண்டு. மூன்று வேளை உணவும் உண்டு. குஷெங் கோயிற் சிறார்க்கு இவையொன்றும் நிறைவாக இல்லை. ஆயினும், தாம் கற்ற பாட்டை ஊருக்குப் பாடினர். தாம் கற்ற எழுத்தைக் குடியானவர்க்குக் கற்பித்தனர். தம் பள்ளியைத் தாமே தாங்கினர். நம் சங்கத்தில் இவ்வாண்டு யாது கற்றோம் என்பதோடு, கற்றதை யாருக்கு அளித்தோம் என்பதையும் ஆண்டறிக்கையில் எழுதும் வழக்கம் ஏற்படுமாயின், தாவோ ஷிங்ஜியின் வரலாற்றைப் படித்ததன் பயனை நாம் அடைந்தவராவோம்.